அரியணையும் இசைத்தட்டும்

 பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் தம்பிகளே, முன்வரிசையில் நாற்காலி காலியாக இருக்கிறது. வந்து உட்காருங்கள். இது பாட்டைப் பற்றிய பேச்சு, பயப்பட வேண்டாம்.

'அரசரைப் பாடும் மக்கள் பாடல்கள்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. உலகத்து ராஜாக்களையெல்லாம் ஒருவர் விடாமல் எடுத்துக்கொண்டால் பொழுது விடிந்துவிடும். அதனால் நான் ஒரே நாட்டோடு, கிட்டத்தட்ட ஒரே அரசியோடு நிறுத்திக்கொள்ளப் போகிறேன். நாடு பிரிட்டன். அரசி இரண்டாம் எலிசபெத். 1952 பிப்ரவரியில் அரசியாகி, 2022 செப்டம்பர் 8 அன்று மறையும் வரை, 70 ஆண்டுகள் அந்த அம்மையார் அரியணையில் இருந்தார். நவீன இசைத்தட்டு வியாபாரமும் ஏறக்குறைய அவரோடு கூடவே வளர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று எப்படிப் பார்த்துக்கொண்டன என்பதுதான் இன்றைய பேச்சு.

அரசரைப் பாடுவது நமக்குப் புதிதா? பாடாண் திணை என்று இலக்கணமே வகுத்தவர்கள் நாம். நம்முடைய புலவர் அரசனைப் பாடினார், பரிசில் வாங்கினார். யானை கிடைத்தது, தேர் கிடைத்தது, சில சமயம் ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கே கணக்கு தெளிவு: யாரைப் பாடுகிறாரோ, அவரே கொடுக்கிறார். பிரிட்டிஷ் மெல்லிசைக்காரர் அரசியைப் பாடும்போது பரிசில் கொடுப்பது யார்? அரண்மனையா? இல்லை. கடைக்குப் போய்க் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குகிறானே, அந்தத் தெருப்பையன் கொடுக்கிறான். பாட்டு அரசிக்கு, பரிசில் தெருவிலிருந்து. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் கதைகளெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் பாட்டுகளுக்கெல்லாம் பாட்டியான பாட்டைப் பார்த்துவிடுவோம். 'காட் சேவ் தி கிங்' என்ற அரச வாழ்த்து. நம் தாத்தாக்கள், கொள்ளுத் தாத்தாக்கள் 1947க்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நின்று பாடிய பாட்டு. அரசர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாத பிள்ளைகளும் அவர் நீடூழி வாழ வேண்டும் என்று தொண்டை கிழியப் பாடினார்கள். இந்தப் பாட்டு எங்கே புகழ்பெற்றது என்று நினைக்கிறீர்கள்? அரண்மனையிலா? தேவாலயத்திலா? இல்லை ஐயா, நாடகக் கொட்டகையில்!

1745ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்தில் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் என்ற இளவரசன், அரியணை தன் குடும்பத்துக்கு உரியது என்று படை திரட்டி வருகிறான். பிரெஸ்டன்பான்ஸ் என்ற இடத்தில் அரசுப் படை தோற்றுவிட்டது. லண்டன் நடுங்குகிறது. அந்தச் செப்டம்பரில், ட்ரூரி லேன் நாடக அரங்கில் நாடகம் முடிந்ததும் நடிகர்கள் மேடையில் வரிசையாக நின்று, இரண்டாம் ஜார்ஜ் மன்னரைக் காக்கும்படி இறைவனை வேண்டிப் பாடினார்கள். தாமஸ் ஆர்ன் என்ற இசையமைப்பாளர் மெட்டைச் சீர்படுத்திக் கொடுத்திருந்தார். கொட்டகை அதிர்ந்தது. அடுத்தடுத்த இரவுகளிலும் பாடினார்கள். மற்றக் கொட்டகைகளும் பிடித்துக்கொண்டன. மூல மெட்டைப் போட்டவர் யார் என்று இன்றுவரை உறுதியாகச் சொல்வாரில்லை. ஆக, ஒரு சாம்ராஜ்யத்தின் வாழ்த்துப்பா டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்தின் கைதட்டலில் எழுந்தது. அதுவும் பயத்தில் எழுந்தது. அரியணை ஆடாதபோது அதைக் காக்கும்படி யார் வேண்டுவார்கள்?

இனி 1953க்கு வருவோம். ஜூன் 2, எலிசபெத்தின் முடிசூட்டு விழா. பிரிட்டனில் இசைத்தட்டு விற்பனையை வைத்து வாராவாரம் பட்டியல் போடும் வழக்கம் தொடங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. முடிசூட்டு விழாவுக்கென்றே 'இன் எ கோல்டன் கோச்' என்று ஒரு பாட்டு வந்தது. தங்க ரதம், அரசியின் அழகு, மக்களின் அன்பு. பில்லி காட்டன் குழு பாடியது பட்டியலில் மூன்றாம் இடம். டிக்கி வாலன்டைன் பாடியது ஏழாம் இடம். ஒரே பாட்டு, இரண்டு பேர் பாடி, இரண்டும் விற்றன. இன்று அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் இந்த அவையில் எத்தனை பேர்? கை தூக்குங்கள். ஒருவரும் இல்லை. லண்டனில் கேட்டாலும் அநேகமாக இதே கதைதான். துதிப்பாட்டின் ஆயுள் விழாப் பந்தல் பிரிக்கும் வரைக்கும்தான்.

ஆனால் அதே ஆண்டில், அதே விழாவைப் பற்றி, இன்னொரு பாட்டும் வந்தது. பாடியவர் ஜார்ஜ் பிரவுன், ட்ரினிடாட் தீவுக்காரர், மேடைப் பெயர் 'யங் டைகர்'. அவர் பாடியது கலிப்ஸோ. ஊர்ச் செய்தியை, வம்பை, அரசியலை உடனுக்குடன் பாட்டாகக் கட்டிப் பாடும் கரீபியத் தெருக்கலை அது. 1948இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' என்ற கப்பலில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து மக்கள் பிழைப்புத் தேடி லண்டன் வந்தார்களே, அந்தக் காலத்தோடு சேர்ந்து இந்தக் கலையும் லண்டனில் வேரூன்றியது. யங் டைகரின் பாட்டுக்கு என்ன பெயர் தெரியுமா? 'ஐ வாஸ் தேர்'. நான் அங்கே இருந்தேன்! அரசி வருகிறார், ஊர்வலம் போகிறது, எல்லாம் இருக்கிறது. ஆனால் பாட்டின் நாயகர் கூட்டத்தில் இடித்துப் பிடித்து நிற்கும் அந்தத் தீவுக்காரர். நானும் பார்த்தேன், நானும் இந்த ஊர்க்காரன்தான் என்று சொல்லாமல் சொல்கிறார். வாடகைக்கு அறை கேட்டுப் போனால் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்திய நகரம் அது. அந்த நகரத்தின் நடுத்தெருவில் நின்றுகொண்டு, உங்கள் அரசியின் விழாவுக்கு நான் சாட்சி என்று பாடுவது துதியா? எனக்கு அது உரிமைக்குரலாகத்தான் கேட்கிறது.

அதே விழாவில் இன்னொரு அரசியும் மக்கள் மனதைக் கொள்ளைகொண்டார். பசிபிக் கடலில் உள்ள டோங்கா தீவுகளின் அரசி சலோடே. ஆறடிக்கு மேல் உயரம், அகன்ற முகம், வாய் நிறையச் சிரிப்பு. ஊர்வலத்தின்போது நல்ல மழை. மற்ற விருந்தினர்கள் ரதத்தின் கூரையை இழுத்து மூடிக்கொண்டார்கள். சலோடே மூட விடவில்லை. திறந்த வண்டியில் தொப்பலாக நனைந்தபடி, இருபுறமும் கையசைத்துக்கொண்டே போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளந்தான் சுல்தானும் பாவம், சேர்ந்து நனைந்தார்! தாங்களும் நனைந்துகொண்டு நின்ற லண்டன் மக்களுக்கு, தங்களோடு நனைகிற ஓர் அரசியைக் கண்டதும் தலைகால் புரியவில்லை. உடனே அவர்மேல் பாட்டு வந்துவிட்டது. எட்மண்டோ ராஸ் என்ற இசைக்குழுத் தலைவர் அதைப் பதிவு செய்தார், அவரும் ட்ரினிடாட்காரர்தான். இதில் அழகு என்னவென்றால், சலோடே அரசியே தம் மொழியில் பல பாடல்களை இயற்றிய கவிஞர். பாட்டுடைத் தலைவியே பாட்டுக்காரி. இப்படி அமைவது அபூர்வம்.

அடுத்து பீட்டில்ஸ். இவர்கள் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

லிவர்பூல் துறைமுகத்துப் பையன்கள் நான்கு பேர். 1963 நவம்பரில் அரச குடும்பத்தார் முன்னிலையில் பாட அழைக்கப்படுகிறார்கள். அரசியின் தாயாரும் தங்கை மார்கரெட்டும் வந்திருக்கிறார்கள். கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஜான் லென்னன் ஒலிவாங்கியின் முன் வந்து ஒரு குறும்பு செய்தார். மலிவு டிக்கெட்டில் இருப்பவர்கள் கைதட்டுங்கள், மற்றவர்கள் நகைகளைக் குலுக்கினால் போதும் என்கிற தோரணையில் பேசினார். அரங்கம் சிரித்தது, அரச குடும்பமும் சிரித்தது. 1965இல் அரசு இந்த நால்வருக்கும் எம்.பி.இ. என்ற விருதை அறிவித்தது. அந்த அக்டோபரில் பக்கிங்ஹாம் அரண்மனையில் அரசி கையால் பதக்கம் வாங்கினார்கள். போரில் உயிரைப் பணயம் வைத்து அதே பதக்கம் பெற்றவர்களில் சிலர், கூச்சல் போடும் பாட்டுக்காரர்களுக்கும் இதுவா என்று கோபித்துத் தங்கள் பதக்கங்களைத் திருப்பி அனுப்பினார்கள். பாருங்கள், இங்கே மட்டும்தான் பழைய கணக்குப்படி அரண்மனையே பரிசில் கொடுத்தது.

கொடுத்த பரிசில் நிலைத்ததா? 1969 நவம்பரில் லென்னன் அந்தப் பதக்கத்தைத் திருப்பி அனுப்பினார். அதுவரை அது அவருடைய பெரியம்மா மிமியின் வீட்டில் இருந்தது. கார் ஓட்டுநரை அனுப்பி எடுத்து வரச் சொல்லி, அப்படியே அரண்மனைக்குக் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு கடிதம். நைஜீரிய-பயாஃப்ரா போரில் பிரிட்டன் தலையிடுவதைக் கண்டித்து, வியட்நாமில் அமெரிக்காவுக்கு ஆதரவு தருவதைக் கண்டித்து என்று இரண்டு காரணங்கள். மூன்றாவதாக, 'கோல்டு டர்க்கி' என்ற தம்முடைய பாட்டு விற்பனைப் பட்டியலில் சரிந்துவருவதைக் கண்டித்து! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் நினைவு வருகிறது. இளவெளிமான் கொடுத்த அற்பப் பரிசிலை உதறிவிட்டு, குமணனிடம் யானை பெற்று வந்து, இளவெளிமானின் காவல் மரத்திலேயே அதைக் கட்டிவிட்டுப் போனவர் அல்லவா அவர்! புலவர் கோபத்தில் கொஞ்சம் குறும்பும் கலந்தால்தான் அது இரண்டாயிரம் ஆண்டு தாங்கும். லென்னனுக்கு அந்தக் குறும்பு தெரிந்திருந்தது. உலகச் சமாதானத்தையும் சொந்த வியாபாரத்தையும் ஒரே வாக்கியத்தில் வைத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அதே 1969இல், அதே குழுவின் பால் மெக்கார்ட்னி அரசிமேல் ஒரு பாட்டுக் கட்டினார். 'ஹெர் மெஜஸ்டி'. எவ்வளவு நீளம்? 23 நொடி! ஒரு கிதார், ஒரு குரல், அவ்வளவுதான். இளைஞன் ஒருவன் அடுத்த தெருப் பெண்ணைப் பற்றிச் சிநேகிதனிடம் பேசுவதுபோல அரசியைப் பற்றிப் பேசுகிறான். நல்ல பெண்தான், அதிகம் பேசமாட்டாள், காதலைச் சொல்லலாம், அதற்குக் கொஞ்சம் தைரியம் உள்ளே போக வேண்டும் என்கிற ரீதியில் போகிறது. வசையும் இல்லை, வாழ்த்தும் இல்லை.

இந்தப் பாட்டு பிழைத்த கதைதான் சுவையானது. 'அபே ரோடு' தொகுப்பின் இரண்டாம் பக்கத்தில் துண்டு துண்டான பாட்டுகளைக் கோத்து ஒரு நீண்ட மாலையாகத் தொடுத்தார்கள். அதன் நடுவில் இது இருந்தது. போட்டுக் கேட்டபோது, இங்கே ஒட்டவில்லை, வெட்டி எடுத்துவிடுங்கள் என்றார் மெக்கார்ட்னி. ஒலிநாடாவைக் கையாண்டவர் ஜான் கர்லாண்டர் என்ற இளைஞர். வெட்டினார். ஆனால் பீட்டில்ஸ் பாடிய எதையும் குப்பையில் போடக்கூடாது என்று அங்கே கண்டிப்பான உத்தரவு. என்ன செய்தார்? வெட்டிய துண்டை நாடாவின் கடைசியில், கொஞ்சம் வெற்று நாடா விட்டு, பத்திரமாக ஒட்டிவைத்தார். மறுநாள் மாதிரித் தட்டு வெட்டியவர் அதையும் சேர்த்தே வெட்டிவிட்டார். எல்லாம் முடிந்து, சில நொடி மௌனத்துக்குப் பிறகு திடீரென்று அரசி வந்து நிற்கிறார்! மெக்கார்ட்னிக்குப் பிடித்துவிட்டது. அப்படியே இருக்கட்டும் என்றார். அதனால்தான் இன்றும் அந்தப் பாட்டு சம்பந்தமில்லாத ஒரு பேரோசையோடு தொடங்குகிறது. அது அந்த மாலையில் இதற்கு முன்னால் இருந்த பாட்டின் கடைசி ஒலி. இதனுடைய கடைசி ஒலியோ வெட்டுப்பட்டு எங்கேயோ போய்விட்டது. முதலில் வந்த தட்டின் உறையில் பாட்டின் பெயர்கூட இல்லை. அரசிமேல் பாடிய பாட்டு, ஓர் உதவியாளரின் கீழ்ப்படிதலால் உயிர் பிழைத்தது.

சரி, கொஞ்சிய பாட்டைப் பார்த்தோம். கொதித்த பாட்டுக்கு வருவோமா?

1977. எலிசபெத் அரியணை ஏறி 25 ஆண்டு. வெள்ளி விழா. தெருவெங்கும் கொடித் தோரணம், தெருவை அடைத்து மேசை போட்டு விருந்து. ஆனால் வீட்டுக்குள் நிலைமை என்ன? முந்தைய ஆண்டுதான் பிரிட்டன் சர்வதேச நிதியத்திடம் போய்க் கடன் கேட்டு நின்றது. வேலையில்லாதோர் பத்து லட்சத்துக்கு மேல். பள்ளியை விட்டு வெளியே வரும் பையனுக்கு, போய்ச் சேர ஓர் ஆலை கிடையாது. அந்தப் பையன்களில் ஒருவர் ஜான் லைடன், வடக்கு லண்டனில் அயர்லாந்துக் குடியேறிகளின் மகன், வயது 21, மேடைப் பெயர் ஜானி ராட்டன். 'ராட்டன்' என்றால் அழுகியது. 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற குழுவின் பாடகர். அவர்கள் தங்கள் புதிய பாட்டுக்கு முதலில் வைத்த பெயர் 'நோ ஃப்யூச்சர்'. பிறகு தேசிய கீதத்தின் பெயரையே எடுத்து அதற்குச் சூட்டிவிட்டார்கள்: 'காட் சேவ் தி குயின்'!

நண்பர்களே, இதன் துணிச்சலை எண்ணிப் பாருங்கள். கொட்டகையில் பயத்தோடு பிறந்த அந்த வாழ்த்தின் பெயரை, 232 ஆண்டு கழித்து, எதிர்காலம் இல்லாத ஒரு பையன் பிடுங்கிக்கொள்கிறான். மார்ச் மாதம் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் மேசை போட்டு, ஓர் இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவதாகப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்சி கொடுத்தார்கள். ஒரே வாரம். நிறுவனம் பயந்து கைகழுவிவிட்டது. அதற்குள் அச்சடித்த 25,000 தட்டுகளில் பெரும்பகுதியை அழித்தது. தப்பித்த ஒன்றிரண்டு தட்டுகளுக்கு இன்று ஏலத்தில் ஆயிரக்கணக்கான பவுண்டு! பிறகு வேறொரு நிறுவனம் எடுத்துக்கொண்டு, மே 27 அன்று வெளியிட்டது. அதற்கு முன்னால் தட்டு அச்சடிக்கும் ஆலையில் தொழிலாளர்கள், இதை அச்சடிக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். மறுத்தவர்கள் முதலாளிகள் அல்லர், தொழிலாளர்கள். அரசியை ஏசக்கூடாது என்றவர்களும் தெருக்காரர்கள்தான். ஏசிய பையனும் தெருக்காரன்தான்.

ஜேமி ரீட் என்ற ஓவியர் அட்டையை வடிவமைத்தார். அரசியின் அதிகாரபூர்வமான படம். கண்ணின் மேல் ஒரு பட்டை, வாயின் மேல் ஒரு பட்டை. அந்தப் பட்டைகளில், கடத்தல்காரர்கள் பணயக் கடிதம் எழுதுவதுபோலப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து ஒட்டிய எழுத்துகள். பார்க்கவும் முடியாத, பேசவும் முடியாத அரசி. பாட்டில் சொன்னதையெல்லாம்விட அந்த அட்டை கூடுதலாகச் சொல்லியது என்பது என் எண்ணம்.

பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது. தனியார் வானொலிகளுக்கும் தடை. பெரிய கடைகள் விற்க மறுத்தன. ஆனாலும் என்ன ஆயிற்று? விழா வாரத்தில் அது அதிகாரபூர்வமான பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது! முதலிடத்தில் ராட் ஸ்டூவர்ட்டின் மென்மையான காதல் பாட்டு. உண்மையில் முதலிடம் வந்தது இதுதான், வேண்டுமென்றே கீழே இறக்கிவிட்டார்கள் என்ற சந்தேகம் இன்றும் உண்டு, நிரூபிக்கப்பட்டதில்லை. ஓர் இசைப் பத்திரிகையின் சொந்தப் பட்டியலில் இதற்கே முதலிடம். சில கடைகளின் பட்டியல் பலகையில் இரண்டாம் இடத்துக்கு நேராக வெறும் வெற்றிடம். பெயரைப் போடவும் மனமில்லை, பொய் சொல்லவும் துணிவில்லை!

ஜூன் 7, விழா விடுமுறை நாள். தேம்ஸ் நதியில் ஒரு படகை வாடகைக்குப் பிடித்தார்கள். படகின் பெயர் 'குயின் எலிசபெத்'. அரசி அந்த நதியில் ஊர்வலம் போக இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் இவர்கள் முந்திக்கொண்டார்கள். நாடாளுமன்றக் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போது பாடினார்கள். போலீஸ் படகுகள் சுற்றி வளைத்தன. கரைக்கு இழுத்து வந்தார்கள். மேலாளர் மால்கம் மெக்லாரன் உட்படப் பதினொரு பேர் கைது. சில நாட்களில், தெருவில் சிலர் வழிமறித்து ஜானி ராட்டனைக் கத்தியால் தாக்கினார்கள்.

இவ்வளவுக்கும் அரசி என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை. மெக்கார்ட்னி கொஞ்சினார், அரசி பேசவில்லை. ராட்டன் ஏசினார், அரசி பேசவில்லை. 70 ஆண்டு பேசவில்லை. பேசாத ஒருவரிடம் எதை வேண்டுமானாலும் பேசலாம். தீவுக்காரர் தம் உரிமையைப் பேசினார், லிவர்பூல்காரர் தம் குறும்பைப் பேசினார், வேலையில்லாப் பையன் தன் கோபத்தைப் பேசினான். அரசியைப் பாடுகிறேன் என்று சொல்லி ஒவ்வொருவரும் தாம் நின்ற இடத்தைத்தான் பாடினார்கள். லைடனே பிற்காலத்தில், தனக்கு அந்த அம்மையாரோடு பகையில்லை, அந்த அமைப்போடுதான் சண்டை என்று சொல்லிவந்தார். 2022இல் அரசி இறந்தபோது அஞ்சலி செலுத்தியவர்களில் அவரும் ஒருவர்.

1980களில் கதை கோமாளித்தனமாகப் போகிறது. 1982 ஜூலை 9 அதிகாலை மைக்கேல் ஃபேகன் என்ற ஒருவர் மதிலேறி, குழாயைப் பிடித்து மேலே ஏறி, நேராக அரசியின் படுக்கையறைக்குள் போய்விட்டார். அத்துமீறி நுழைவது அன்றைய சட்டப்படி அங்கே குற்றமே அல்ல. முன்பொருமுறை நுழைந்தபோது ஒயின் திருடியதாகத்தான் வழக்கு, அதிலும் விடுதலை! விடுவார்களா பாட்டுக்காரர்கள்? ட்ரினிடாடின் கலிப்ஸோ சக்கரவர்த்தி 'மைட்டி ஸ்பாரோ', அரசி தம் கணவருக்கு நடந்ததை எடுத்துச் சொல்வதுபோல ஒரு விரசமான பாட்டுக் கட்டி 1983இல் தீவுகளையே சிரிக்க வைத்தார். 'தி ஸ்மித்ஸ்' குழு 1986இல் வெளியிட்ட 'தி குயின் இஸ் டெட்' பாட்டிலும் ஒருவன் அரண்மனைக்குள் புகுந்துவிடுகிறான். எல்லாவற்றுக்கும் சிகரம் எது தெரியுமா? 1983இல் ஒரு குழு செக்ஸ் பிஸ்டல்ஸின் 'காட் சேவ் தி குயின்' பாட்டை மறுபடி பதிவு செய்தது. பாட வந்தவர் யார்? சாட்சாத் மைக்கேல் ஃபேகன்! பாட்டுடைத் தலைவியின் படுக்கையறை வரை போய் வந்த ஒரே பாடகர் உலகத்தில் அவராகத்தான் இருக்கும்.

நம் நாட்டோடு தொட்டுக்கொள்ளும் ஒருவரையும் சொல்லாமல் விடக்கூடாது. பாஞ்ச்கனி மலைப்பள்ளியில் படித்த பார்சிப் பையன், சான்சிபாரில் பிறந்த ஃபரூக் புல்சாரா. உலகம் அறிந்த பெயர் ஃபிரெடி மெர்குரி. தன் குழுவுக்கு 'குயின்' என்றே பெயர் வைத்தார். 1986இல், குழுவோடு அவர் போன கடைசிச் சுற்றுப்பயணத்தில், பின்னால் இழுபடும் சிவப்பு அங்கியும் தலையில் கிரீடமுமாக மேடையில் நின்றார். முடிசூட்டு விழாவில் அணியும் கிரீடத்தின் மாதிரியில் செய்தது. ஆயிரக்கணக்கான மக்கள் முன்னால் அதைக் கழற்றிக் கையில் உயர்த்திப் பிடித்தார். 2023இல் அந்தக் கிரீடமும் அங்கியும் 6,35,000 பவுண்டுக்கு ஏலம் போயின. குடியேறி வந்தவர் தானே முடிசூடிக்கொண்டார், கூட்டமும் ஒப்புக்கொண்டது.

இவ்வளவு நேரம் கேலியும் கோபமும் பேசினோம். உலகத்திலேயே மிக அதிகமாக விற்ற அரச குடும்பப் பாட்டு எது? அது ஒப்பாரி. 1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிசில் அரசியின் முன்னாள் மருமகள் டயானா இறந்தார். செப்டம்பர் 6 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இறுதிச் சடங்கில் எல்டன் ஜான் பியானோ முன் அமர்ந்து பாடினார். மெட்டு பழையது. 1973இல் நடிகை மர்லின் மன்றோவுக்காகக் கட்டிய 'கேண்டில் இன் தி விண்ட்'. பாடலாசிரியர் பெர்னி டாப்பின் வரிகளை மாற்றி டயானாவுக்கு ஆக்கினார். அன்றைக்கே ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்ப் பதிவு செய்தார்கள். உலகம் முழுவதும் 3 கோடியே 30 லட்சம் தட்டுகள். வருமானம் டயானா பெயரிலான அறக்கட்டளைக்கு. அந்த வடிவத்தை எல்டன் ஜான் பிறகு மேடையில் பாடியதே இல்லை.

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? முந்தைய ஆண்டு விவாகரத்தோடு டயானாவின் 'மேன்மை தங்கிய' என்ற அடைமொழியே பறிபோயிருந்தது. அரண்மனை வெளியே அனுப்பிய பெண்ணை, சினிமா நடிகைக்காக எழுதிய மெட்டில், அரச ஆலயத்துக்குள்ளேயே பாட வேண்டியதாயிற்று. அந்த வாரம் அரண்மனையில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடவில்லை என்று மக்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். யாரை அழுவது என்பதை அந்த முறை தெரு தீர்மானித்தது. அரண்மனை பின்னால் வந்தது.

வந்த பிறகு அரண்மனை பாடம் கற்றுக்கொண்டது என்றே சொல்வேன். 2002 பொன் விழாவுக்கு ராக் இசைக்காரர்களைத் தோட்டத்துக்குள்ளேயே அழைத்தார்கள். 'குயின்' குழுவின் பிரையன் மே அரண்மனைக் கூரைமேல் ஏறி நின்று மின் கிதாரில் தேசிய கீதம் வாசித்தார். மெக்கார்ட்னி அந்த 23 நொடிப் பாட்டை அரசியின் தோட்டத்திலேயே பாடினார். ஒரு காலத்துக் குறும்பு, இப்போது விழா நிகழ்ச்சி நிரலில்! 2022இல் 70ஆம் ஆண்டு விழாவிலோ, அரசியே 'குயின்' குழுவின் 'வீ வில் ராக் யூ' தாளத்துக்குத் தேநீர்க் கோப்பையில் கரண்டியால் தட்டும் காட்சியைப் படமாக்கிக் காட்டினார்கள். 96 வயது. தாளம் பிசகவில்லை.

கடைசியாக ஒரு பாட்டு. பாடியவர் பிரிட்டனில் இல்லை. அன்று அதே அரசியைத் தலைவியாகக் கொண்டிருந்த நியூசிலாந்தில். லோர்ட் என்று பெயர் வைத்துக்கொண்ட பள்ளிக்கூடப் பெண். 2013இல் 'ராயல்ஸ்' பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தபோது அவருக்கு வயது 16. ஒன்பது வாரம் அது அங்கேயே இருந்தது. வைரம், விலை உயர்ந்த கார் என்று பாட்டுக்குப் பாட்டு பீற்றிக்கொள்கிறார்களே, எங்கள் ஊரில் அதெல்லாம் ஏது என்பது பாட்டின் சாரம். பெயர் எங்கிருந்து வந்தது? எலிசபெத்திடமிருந்து அல்ல. பழைய பத்திரிகை ஒன்றில் அவர் பார்த்த படம். கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் என்ற பேஸ்பால் அணியின் வீரர், சட்டையில் அணியின் பெயரோடு ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடும் காட்சி. 2014இல் அந்த அணியும் சான் பிரான்சிஸ்கோ அணியும் இறுதித் தொடரில் மோதின. சான் பிரான்சிஸ்கோ வானொலிகள், எதிரி அணியின் பெயர் கொண்ட பாட்டை ஒலிபரப்ப மாட்டோம் என்று தடை போட்டன. கன்சாஸ் சிட்டி வானொலி விடுமா? போட்டியன்று மணிக்கொரு முறை அதையே போட்டது! 1977இல் அரசியை ஏசியதற்காகத் தடை; 2014இல் பந்தாட்டத்துக்காகத் தடை. தொடரை வென்றது சான் பிரான்சிஸ்கோ.